ஏலப் பட்டியல், எண் 218

'ரேர்' என்ற சொல்லைச்
சும்மா செலவழிக்கக் கூடாது என்பது
கிரீனக் ஏலக் கடையின் எழுதாத சட்டம்.
பத்து வருடத்துக்கு ஒன்று வந்தால் 'ஸ்கேர்ஸ்'.
வேலைக்காலம் முழுக்க ஒருமுறை கண்டால்தான் 'ரேர்'.
'வெரி ரேர்' என்று எழுதுபவன்
ஒன்று பொய்யன், இல்லையேல் விற்பவனின் மைத்துனன்.

பட்டியல் எழுத நாரிச்சிலிருந்து வந்த ஹெஸ்டர்
பதினாறு மாதத்தில் ஒரேயொரு தடவை எழுதினாள்,
ஒரு கப்பல் கடிகாரத்துக்கு.
அதே வாரம் லீத்திலிருந்து இன்னும் இரண்டு வந்தன.
அடித்துவிட்டாள்.

அப்புறம் இந்தப் பிஸ்கட் டப்பா.
உள்ளே பதினொரு நோட்டு.
வீம்ஸ் பே பாதையில் சிக்னல் பார்த்த
ஆங்கஸ் மக்கில்வ்ரேயின் கையெழுத்து:
ரயில் நேரம், காற்று, மழை,
மழை, தண்டவாளத்தில் ஆடு, மழை.
திடீரென்று ஓரத்தில், பென்சிலில்: ரேர்.

எது?
பறவையா, புது இன்ஜினா?
பூதக்கண்ணாடி வைத்து எண்ணத் தொடங்கினாள்.
மூன்றாம் நோட்டில் நாற்பது.
ஏழாவதில் எழுபத்தொன்று.
மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.
எந்தத் தரகனும் அதை இப்படி வாரி இறைத்ததில்லை.

"மார்ச் 9. ஜீன் கொண்டுவந்த பார்லி சூப், ஆறவில்லை. ரேர்."
"6.40 பதினெட்டு நிமிடம் தாமதம். பனி விலகி பியூட் தீவு. ரேர்."
"பல்லைப் பிடுங்கியாச்சு. ரேர்."

அவள் அறிந்த பொருள் இரண்டே:
பட்டியலில் கிடைக்காதது,
தட்டில் ரத்தம் காயாதது.
ஆட்டுக்கறிப் பை கடித்தபடி
பெட்டி தூக்கும் டூகி லாமண்ட்
அவள் தோளுக்கு மேலாக வாசித்துச் சிரித்தான்.
"இங்கே அது கணக்கு இல்லை, அம்மா.
மழை விட்டால் ரேர். கோல் விழுந்தால் ரேர்.
இந்தப் பைகூட, கொஞ்சம் சூடாய் இருந்திருந்தால்."

எனக்கு இது புதிதில்லை.
கிடைக்காததற்கு வைத்த 'அரு'வை எடுத்து
தினமும் சாம்பாருக்குச் சொல்லித் தீர்க்கும் மொழியில்தான்
நானும் எழுதுகிறேன்.

ஆனால் கடைசி நோட்டு.
ஜூன் தொடங்கி அந்தச் சொல் இல்லை.
ரயில் நேரம் உண்டு. காற்று உண்டு.
ஜூலை இல்லை. ஆகஸ்ட், செப்டம்பர் இல்லை.
ஹெஸ்டர் பக்கங்களைத் திருப்பித் திருப்பித் தேடினாள்,
கடையின் சட்டப்படி இப்போதுதான் அது
ரேர் ஆகிக்கொண்டிருந்தது.

"அக்டோபர் 30. சூப், நானே வைத்தேன்.
ரேர் என்று சொல்ல முடியாது."

பட்டியலில் எழுதினாள்:
218. சிக்னல்காரர் நோட்டுகள், பதினொன்று.
தகர டப்பா, மூடியில் துரு.
மதிப்பு இருபது பவுண்டு.

பதினாறுக்குப் போனது.
வாங்கியவர் சொன்னார்,
டப்பாவுக்காகத்தான்.