இருக்கலாம்

டுலூத். ஏரி உறைந்து கிடக்கும் ஜனவரி.
ரொட்டி உறையின் பின்பக்கம்
எறும்பு அளவு எழுத்தில் இருக்கும் இலவச எண்ணை அழைத்தால்
எடுப்பவள் நான்.

வியாழன்தோறும் லூரீன் அழைப்பாள்.
"எள் இருக்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள்.
இருக்கிறதா?"

என் முன்னால் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள்.
அதில் உள்ளதை மட்டுமே நான் பேசலாம்.
"எள் கையாளப்படும் இடத்தில் தயாரிக்கப்பட்டது, மேடம்."
"அதே இயந்திரத்திலா? பக்கத்து அறையிலா?"
"இடத்தில், மேடம்."

மேலாளர் தோர்வால்டுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும்.
இடம் என்றால் ஒரு தட்டாகவும் இருக்கலாம்
மினசோட்டாவாகவும் இருக்கலாம்.

உறையின் முன்பக்கத்துக்கு இந்தத் திக்கல் கிடையாது.
'பண்ணைவீட்டு ரொட்டி' என்று கொட்டை எழுத்தில் சொல்லும்.
பண்ணை எதுவும் இல்லை; லாரி நிறுத்துமிடம் இருக்கிறது,
நான்கு தகரக் குதிர்கள் இருக்கின்றன.
'கல்லில் அரைத்த நற்குணம்' என்றும் சொல்லும்.
நற்குணம் எத்தனை கிராம் என்று கேட்டு
இதுவரை ஓர் அழைப்பும் வந்ததில்லை.

லூரீனின் மகன் பெயர் எம்மெட். ஆறு வயது.
ஒருமுறை பின்னால் அவன் குரல் கேட்டது,
டைனோசர்களை எண்ணிக்கொண்டிருந்தான்,
பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று.
"இவன் தொண்டை அடைக்க எத்தனை எள் வேண்டும் தெரியுமா?"
தெரியாது.
தாளிலும் அந்த எண் இல்லை.

பிறகு சட்டம் வந்தது:
எள் இருந்தால் பெயர் சொல்லியே ஆக வேண்டும்.
எனக்குச் சந்தோஷம். இனி கழுவுவார்கள் என்று நினைத்தேன்.
தோர்வால்ட் கணக்குப் போட்டார்:
இயந்திரத்தைக் கழுவ தினமும் மூன்று மணி நேரம்.
எள்மாவோ மூட்டை மலிவு.

மார்ச்சிலிருந்து ஒவ்வொரு மாவுக்கும்
ஒரு சிட்டிகை எள், வேண்டுமென்றே.
புதிய உறையில் தடித்த எழுத்து:
'உள்ளது: எள்.'
எங்கள் நிறுவனம் இவ்வளவு சுருக்கமாக உண்மை பேசி
நான் பார்த்ததில்லை.

அந்த வியாழனும் அழைத்தாள்.
"இப்போது?"
"இருக்கிறது."
தாளைப் பார்க்காமலே சொன்னேன்.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர்க்குழாய் ஓடும் சத்தம்.
"அப்படியானால் இதுவரை?"

தாளில் இறந்தகாலம் கிடையாது.

அடுத்த வியாழன் தொலைபேசி அடித்தது,
வேறு யாரோ, காலாவதி தேதி பற்றி.
மதியம் இடைவேளை அறையில்
அந்த ரொட்டியில் இரண்டு துண்டை வாட்டித் தின்றேன்,
வெண்ணெய் இல்லாமல், மெதுவாக.

எள்ளின் ருசி
எள்ளளவும் தெரியவில்லை.