பயனர் 1017

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
இசாஃபியோர்துர் துறைமுகத்து விளக்குகள்
ஜன்னல் பனியில் மஞ்சளாக ஊறிக்கொண்டிருந்தன.
ஸ்வான்போர்க் வந்து
பதிவகத்துக் காகிதத்தை
என் விசைப்பலகைமேல் வைத்தாள்.
இன்றிலிருந்து அவள் ப்ராகியின் மகள் இல்லை.
ஹெர்தீஸின் மகள்.

இந்த நாட்டில் அது பெரிய விஷயமில்லை.
ஒரு படிவம், ஒரு கட்டணம்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
என் சம்பளத்தில் பாதி
கேட்காமலிருப்பதற்குத்தான்.

கோப்பைத் திறந்தேன்.
ஆளுக்கு ஒரு வரி.
வரிக்குள் ஏழு அறை,
குறுக்குச் சுவராய் ஆறு முக்காற்புள்ளிகள்;
முற்றுப்புள்ளி யாருக்கும் கிடையாது.
நுழையும் பெயர். அடுத்து,
கடவுச்சொல் ஒரு காலத்தில் குடியிருந்த இடத்தில்
வெறும் ஓர் எக்ஸ்.
எண். குழுவின் எண்.
முழுப்பெயரும் அறையும் தொலைபேசியும்
காற்புள்ளிகளோடு நெருக்கியடித்து ஒரே அறையில்.
பிறகு வீடு. கடைசியில் ஷெல்,
உள்ளே வந்தபின் யாரிடம் பேசுவது என்று.

முழுப்பெயர் சுலபமாக மாறியது.
எழுத்துகளின் தலைமேலிருந்த சாய்கோடுகளைப் பார்த்து
ஒருமுறை முனகிவிட்டு
ஏற்றுக்கொண்டது.
முரண்டு பிடித்தது நுழையும் பெயர்தான்:
இந்தப் பயனர் இப்போது வேலையில் இருக்கிறார்,
செயல் எண் 3391.

"என் ஓதக் கணக்கு," என்றாள்.
நாலு நாளாக ஓடுகிறது.
விரிகுடா முழுக்க, பத்து நிமிடத்துக்கு ஒரு நீர்மட்டம்.
"கொன்றுவிடட்டுமா?"
எங்கள் தொழிலில் அப்படித்தான் பேசுவோம்.
"வேண்டாம். அந்தப் பெயரில் தொடங்கியது,
அந்தப் பெயரிலேயே முடியட்டும்."

காத்திருந்தோம்.
கருவாட்டில் வெண்ணெய் தடவித் தின்றோம்.
திரையில் கோப்பு திறந்தே கிடந்தது,
மூடியிருக்க வேண்டும் நான்.
அவள் வரியிலிருந்து பதின்மூன்று வரி மேலே
ப்ராகி.
ஆய்வுக் கப்பலின் இயந்திரக்காரர், எண் 1004,
அறை இரண்டு.
ஷெல் இருக்க வேண்டிய இடத்தில்
உள்ளே விடாதே என்று ஒரு பாதை.

"இவரை ஏன் இன்னும் அழிக்கவில்லை?"
"அழித்தால் அவர் கோப்புகள்
வெறும் 1004க்குச் சொந்தமாகிவிடும்.
நாளை எவனாவது புதியவனுக்கு
அந்த எண்ணைக் கொடுத்துத் தொலைத்தால்
எல்லாம் அவனுடையது."
கருவாட்டை மென்றுகொண்டே யோசித்தாள்.
"அறை எண்ணையாவது எடு, ஓர்முர்.
அங்கே இப்போது பிரிண்டர் இருக்கிறது."
எடுத்தேன்.
இரண்டு காற்புள்ளிகள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

இரவு இரண்டு நாற்பதுக்கு ஓதம் முடிந்தது.
அவள் வெளியேறினாள்,
திரையிலிருந்துதான், நாற்காலியிலிருந்து அல்ல.
ஒரே ஒரு வரி அடித்தேன்.
பெயர் மாறியது, வீடு இடம் பெயர்ந்தது.
பட்டியலைக் கேட்டால்
பதினோரு வருஷத்துக் கோப்புகள்,
முதல் வாரத்துப் பிழையுள்ள உப்பளவு உட்பட,
அத்தனையும் ஹெர்தீஸின் மகள் பெயரில்.
ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

"எப்படி?"
"அவற்றுக்கு உன் பெயர் எப்போதுமே தெரியாது.
1017 மட்டும்தான் தெரியும்."
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு
போய்விட்டாள்.

காலை ஆறு மணிக்கு ஒரு தகவல்:
அப்படி ஒரு வீடு இல்லை.
என்றோ ஒருநாள் அவசரத்தில் அவள் எழுதிய
சின்ன நிரல் ஒன்று
பழைய விலாசத்தைத் தன் வயிற்றுக்குள் வைத்திருந்து
தினம்போல் வீடு தேடிப் போயிருக்கிறது.
தூக்கக் கலக்கத்தில்
பழைய விலாசத்திலிருந்து புதியதற்கு
ஓர் இணைப்பு போட்டுவைத்தேன்,
வருகிறவர்களைச் சத்தமில்லாமல் திருப்பிவிட.

மே மாதம் பனி இளகியதும் எடுத்துவிடுவேன் என்று
குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.
இது இரண்டாவது மே.