கீல்

அயனாவரத்தில் மாடிப் போர்ஷன்.
படுக்கையறை எட்டுக்கு ஒன்பது.
வாடகை எவ்வளவென்று சொல்லும் முன்பே
வசுமதி மேடம் சொன்னது:
"சுவத்துல ஆணி கீணி அடிக்கக் கூடாதும்மா."

பீரோ ஓட்டேரியில் பழைய சாமான் கடையில் எடுத்தது.
மாடிப்படித் திருப்பத்தில் நாலு பேர்
அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தை பேசினார்கள்.
பிறகு அது வந்து நின்றுவிட்டது,
இனி எங்கும் போவதில்லை என்பது போல.

கட்டிலையும் போட்டாயிற்று.
இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியது பதினைந்து அங்குலம்.
கதவின் அகலமோ பதினெட்டு.
இல்லாத அந்த மூன்று அங்குலத்தில்தான்
எங்கள் குடித்தனம்.

நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைந்து
கதவைத் திறக்கிற மட்டும் திறந்து
தோள் வரைக்கும் உள்ளே விட்டுத் தேடினால்
வேண்டியது அநேகமாகக் கிடைத்துவிடும்.

ஒரு நாய்ச் சங்கிலி வாங்கினேன்.
நாய் வளர்க்கவும் அனுமதியில்லாத வீடு.
கம்பியில் அதை மாட்டி, வளையத்துக்கு ஒன்றாக
ஏழு சுடிதார்களை ஒன்றின் கீழ் ஒன்று
தொங்கவிட்டேன்.
புடவைகளைச் சுருட்டி வைத்தேன்.
முட்டை ரோல் கடை மாதிரி இருக்கிறது என்றான் ரூபன்.
அவனுடைய ஜீன்ஸ்கள் மூன்றும்
என் பழைய துப்பட்டாவால் கட்டப்பட்டு
அடியில் கிடக்கின்றன, கைதிகளாக.
சர்டிபிகேட்டுகள் மேல்தட்டில், இரண்டு உறை போட்டு.
மாடிதான். ஆனாலும்
இடுப்பளவு தண்ணீர் பார்த்த ஊர்க்காரியின் கை
காகிதத்தைக் கீழ்த்தட்டில் வைக்காது.

நடுவில் ஒரு லாக்கர். சாவி இல்லை.
தட்டினால் உள்ளே ஏதோ லேசாக நகரும்.
சாவிக்காரன் முந்நூறு கேட்டான்.
அந்த ஒரு சதுர அடி
யாருடையதாகவோ இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் லேபில் ரத்தம் எடுக்கிறவள்.
வெறும் வயிற்றுக்காரர்கள் ஆறு மணிக்கே வந்துவிடுவார்கள்.
டிப்போவில் முதல் பஸ் பிடிக்க
நாலு மணிக்கு பீரோ திறக்க வேண்டும்.
ரூபன் ஓட்டல் கணக்கை முடித்துவிட்டு
ஒன்றரைக்கு வந்து விழுந்திருப்பான்.
ஆள் ஆறடி. கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்
இரண்டு பாதங்கள்,
சரியாகக் கதவு வரும் வழியில்.

விளக்குப் போடுவதில்லை.
கைப்பிடியைத் திருகுவேன்.
கிரீச்.
இருட்டில் போர்வை அசையும்.
பாதங்கள் உள்ளே போய்விடும்.
அவன் விழிப்பதில்லை.
எத்தனையோ முறை குனிந்து பார்த்திருக்கிறேன்,
கண்ணுக்குள் ஒரு அசைவு கூட இருக்காது.
கதவைச் சாத்துவேன்.
கிரீச்.
கால்கள் திரும்ப நீளும்.

இது அவனுக்கே தெரியாது.
நானும் சொல்லவில்லை.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
கீழ்வீட்டு டெய்லரிடம் மெஷின் எண்ணெய் வாங்கி வந்து
கீல் ஒவ்வொன்றுக்கும் சொட்டுச் சொட்டாக விட்டான்.
"காலங்காத்தால நீ பூனை மாதிரி பயந்து பயந்து திறக்குறே.
இப்போ பாரு."
கதவு வெண்ணெயாக ஓடியது.

திங்கட்கிழமை நாலு மணி.
சத்தமே இல்லாமல் திறந்த கதவு
நேராகப் போய் அவன் பெருவிரலில் இடித்தது.
"அய்யோ" என்று எழுந்து உட்கார்ந்தவன்
என்னைப் பார்த்தான், பீரோவைப் பார்த்தான்,
திருடன் வந்த வீடு போலிருந்தது.
நகம் கறுத்துப்போய் ஒரு மாதம் செருப்பிழுத்து நடந்தான்.

அதன்பிறகு வளையலால் தகரத்தில்
இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன்.
விழித்துக்கொண்டு "என்ன?" என்றான்.
காலைத் தொட்டேன். கூச்சத்தில் உதைத்தான்.
கடைசியில் ராத்திரியே துணியை எடுத்து
ஜன்னல் கம்பியில் மாட்டப் பழகினேன்.
இடம் மிச்சம், நேரம் மிச்சம்.
என்னவோ போலிருந்தது.

ஐப்பசி வந்தது. பத்து நாள் விடாமல் அடித்தது.
சுவர் வியர்த்தது. பெல்ட்டில் பூஞ்சை,
பாச்சை உருண்டையை மீறி ஒரு ஈர வாசனை.
அன்றைக்கு ஜன்னலில் மாட்டியிருந்த துணி
சாரலில் நனைந்துவிட, வேறு வழியில்லாமல்
இருட்டில் கைப்பிடியைத் திருகினேன்.

கிர்ர்...

முழுசாகக் கூட இல்லை, துருவின் முதல் எழுத்து.
போர்வை அசைந்தது.