கொசுறு

வடபழனி பணிமனைக்கு எதிரே நின்றது பேருந்து.
ஆறு சக்கரத்துக்கும் சேர்த்து நாலே எலுமிச்சம்பழம்.
வயிற்றுக்குள் கேஸ் சிலிண்டர் இரண்டு,
பொன்னி அரிசி மூன்று மூட்டை, ஊறுகாய் வாளி,
துணி சுற்றிய கிரைண்டர்.
"நேபாளத்துல இட்லி கிடைக்கலைன்னு யாரும் அழக் கூடாது"
என்றார் சமையல் அய்யாக்கண்ணு.
அழக்கூடியவர்கள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது போலும்.

ஐநூறு தாள் அங்கே செல்லாது,
நூறு நூறாய்க் கொண்டு வாருங்கள் என்றிருந்தார்கள்.
நான் அயனாவரம் தபால் ஆபீஸ், இரண்டாம் கவுன்டர்.
மூன்று வாரம், வருகிற நூறையெல்லாம்
என் ஐநூறு போட்டு எடுத்து
ரப்பர் பேண்ட் கட்டி
பாதி சூட்கேசில், பாதி ரவிக்கையில்.
வாழ்க்கையில் முதல்முறையாகப் பணம் குத்தியது.

ஜன்னல் எனக்கு என்று ரசீது சொன்னது.
ஜன்னலில் வசுமதி உட்கார்ந்திருந்தாள்.
ஐ.சி.எஃப்-இல் வெல்டராய் இருந்து ஓய்வு பெற்றவள்,
தோள் அகலம்.
"எனக்கு வாந்தி வரும்" என்றாள்.
அதற்கு மேல் ரசீது என்ன பேசும்?

நெல்லூர் தூக்கத்தில் போயிற்று.
விஜயவாடா, வாயில் பற்பசையோடு.
உருண்டு உருண்டு வந்த கடைப்பலகை எழுத்தெல்லாம்
நாக்பூர் தாண்டும்முன்பே
கொடியில் காயப்போட்ட துணியாய்த் தொங்கத் தொடங்கியது.
கால் வீங்கியது.
ஐந்தாம் நாள் சுனவுலி.

எல்லை என்றால் நான் நினைத்திருந்தது
பள்ளிக்கூட வரைபடத்தில்
கோடும் புள்ளியுமாய் அழுத்திப் போட்ட சிவப்புப் பென்சில்.
இங்கே ஒரு வளைவு, அதன் கீழே தூசி.
கொத்தமல்லிக் கட்டோடு ஒரு பையன்
அந்தப் பக்கத்திலிருந்து வந்தான்,
சில்லறை மறந்தவன்போல் திரும்பிப் போனான்,
மறுபடி வந்தான்.
அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்களைக் கேட்டார்கள்.
தமிழ்நாட்டு நம்பர் வண்டிக்கு வரி கட்டிச் சீட்டு வாங்க
ஓட்டுநர் ஜபருல்லா காலையில் போனவர்,
வெயில் உச்சிக்கு வந்தும் அவர் வரவில்லை.
மானேஜர் மோகனவேல் வாக்காளர் அட்டைகளை
ரேஷன் கடைக்காரர் தோரணையில் வசூலித்தார்.
என் அட்டையை அதிகாரி ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
இருபது வருஷத்துக்கு முந்தைய ஒருத்தி,
கண்ணை மூடப் போகிற நொடியில் பிடிபட்டவள்.
விட்டுவிட்டார்.

சாலையோரத்தில் சிலிண்டரை இறக்கி
அய்யாக்கண்ணு எலுமிச்சைச் சாதம் தாளித்தார்.
கடுகு வெடித்தபோது இந்தியாவில் இருந்தோம்.
தட்டு கழுவி முடிக்கையில் சீட்டு வந்தது, வண்டி உறுமியது,
வசுமதி என் கையைப் பிடித்தாள்.
பையை விரித்துக் குனிந்தவள்
நிமிர்ந்தபோது நேபாளம்.
இவ்வளவு தூரம் வந்து
எல்லையை நான் பார்க்கவேயில்லை.

"வாட்சை கால் மணி முன்னாடி தள்ளி வச்சுக்குங்க"
மைக்கில் மோகனவேல்.
ஒரு மணி, அரை மணி கேட்டிருக்கிறேன்,
அதென்ன கால் மணி?
"கொசுறு" என்றாள் வசுமதி, வாயைத் துடைத்துக்கொண்டே.

பனிமலை பார்த்தோம்.
அந்தப் போட்டோ எல்லாரிடமும் இருக்கிறது, விடுங்கள்.

வந்து இரண்டு மாதம்.
பிரித்துப் போட்ட மூட்டையில் இன்னும் பெருங்காய வாசனை.
கைக்கடிகாரத்தை மட்டும் திருப்பி வைக்கவில்லை.
அதில் பத்து அடிக்கும்போது
அயனாவரத்தில் ஒன்பதே முக்கால்.
ரப்பர் ஸ்டாம்ப் காய்ந்திருக்க,
பசை டப்பா மூடியிருக்க,
கம்பிக்கு இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.
யார் கணக்கிலும் வராத நேரம்.
நேற்று மணியார்டர் தாத்தா கம்பி வழியாகப் பார்த்து
"உன் வாட்ச் வேகமா ஓடுதும்மா" என்றார்.
இல்லை, அது வேற ஊர்ல சரியா ஓடுது என்றேன்.
புரிந்ததுபோல் தலையாட்டினார், அல்லது காது கேட்கவில்லை.

ராத்திரி வசுமதி போன் செய்தாள்.
அடுத்த வருஷம் பூட்டான்,
பதினெட்டு நாள், அதே அய்யாக்கண்ணு.
ஜன்னல் அவளுக்குத்தான், அதில் மாற்றமில்லை.
ஆனால் அங்கே
அரை மணியாம்.