நாலு மில்லிமீட்டர்

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் பத்து.
ஏ.சி. ஒழுகும் வாளிக்குப் பக்கத்தில்
ஒரு நதியை மேசைமேல் விரித்திருக்கிறேன்.

கல்கத்தா. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
செப்புத்தகட்டில் கீறி அச்சடித்து
கையால் வண்ணம் ஏற்றியது.
கீறியவன் பெயர் இருந்த இடத்தைப்
பூச்சி தின்றுவிட்டது.

தேரா க்ரீக்கைப் பார்த்து எழுந்திருக்கும்
புது ஓட்டலின் மூன்றாம் மாடிக்கு இது.
பதினாலு படம், எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்.
அறுபதுக்கு நாற்பத்திரண்டு. ஓரத்துக் கறை தெரியக்கூடாது.
ஆர்டர் தாளில் லால்வானியின் சிவப்பு மை.

இந்த வேலைக்கு முன்னால்
போர்ட் காலித்தில் டாலி எழுதினேன், ஆறு வருஷம்.
எதைப் பார்த்தாலும் எண்ணாமல் இருக்க வராது.

பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி எண்ணினேன்.
பாய்மரம் நாற்பத்தொன்று.
அவுரிப் பெட்டி, சணல் பொதி, கட்டிப்போட்ட இரண்டு குதிரை.
குடைக்குக் கீழே ஒரு துரை.
அவருக்கு மூக்கு இருக்கிறது,
மூக்குக்குக் கீழே மீசை இருக்கிறது,
மீசைக்கு நிழல்கூட விழுந்திருக்கிறது.
மூட்டை சுமப்பவர்கள் நூற்றுப் பதினேழு பேர்.
நூற்றுப் பதினேழு முதுகு.

டீயோடு ரொஃபிகுல் வந்தான். சாந்த்பூர்க்காரன்,
மூன்று ஆறு முட்டிக்கொள்ளும் ஊர்.
கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான்.
'இவன் ஆத்துல கால் நனைச்சதே இல்ல.'
நாங்கள் இருவரும் உடைத்துப் பேசும் இந்தியில்தான் சொன்னான்.

நங்கூரம் போட்டால் எல்லாக் கப்பலும்
நீரோட்டத்துக்கு மூக்கைக் கொடுத்து நிற்குமாம்,
மழைக்கு எல்லா மாடும் ஒரே பக்கம் திரும்புகிற மாதிரி.
இங்கே ஆளுக்கொரு திசை.
கொடி கிழக்கே படபடக்கிறது,
சமையல் புகை மேற்கே போகிறது.
தண்ணீரோ நீலம்.
'நீலமா? எங்க தண்ணி இது' என்று
டீ கிளாஸை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

சாயங்காலம் பழைய சட்டத்தைப் பிரித்தேன்.
எனக்கு முந்தைய எவனோ
அட்டையை உள்ளே தள்ளி வெட்டியிருக்கிறான்.
அது மூடிவைத்திருந்த விளிம்பில்
வெயில் தொடாத நிறம்.

இடது கீழ் மூலை. ஒரு படகு,
கால்வாசிதான், அதற்குள் தாள் முடிந்துவிடுகிறது.
ஒருவன் குந்தியிருந்து
சிரட்டையால் நீர் இறைக்கிறான்.
முகம் இருக்கிறது.
இரண்டு புள்ளி, ஒரு கோடு.
கரையைப் பார்க்கவில்லை, துரையைப் பார்க்கவில்லை,
என்னை.

இன்னொன்று. படகுக்குள் கிடந்த தண்ணீருக்கு
நீலம் பூசப்படவில்லை.
நீலம் பூசியது வேறு ஆளாக இருக்கும்,
தாளுக்கு இவ்வளவு கூலி என்று,
மூலைக்கு வருவதற்குள் இருட்டியிருக்கும்.
அல்லது அவனுக்கு அந்த ஆறு தெரிந்திருக்கும்.
தாளின் பழுப்பு அப்படியே நின்றிருந்தது.

ரொஃபிகுலைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
டீ கிளாஸைத் தேடினான்.
குடித்து முடித்திருந்தான்.

அறுபதுக்கு நாற்பத்திரண்டு வெட்டினால் இவன் போய்விடுவான்.
ஸ்கேலை இறக்கினேன்.
நாலு மில்லிமீட்டர்.
படகு வராது. முகமும் சிரட்டையும் வரும்.
கூடவே ஒரு கறையும் வரும்,
பட்டாணி அளவு, அவன் காதுக்குப் பக்கத்தில்.
லால்வானி டேப் வைத்துப் பார்ப்பவர்.
அட்டைக் காசு முப்பத்தைந்து திர்ஹம்.

கத்தி சாய்ந்து போனது,
மூலையில் மட்டும் ஒரு நொடி நின்று.

முப்பத்தைந்து போயிற்று. மறுபடி வெட்ட நேரமில்லை,
ஓட்டல் திறப்பு வியாழக்கிழமை.

ஐஸ் மெஷினுக்கு எதிர்ச் சுவர்.
நான் ஏணியில், கீழே ரொஃபிகுல்
லெவல் கட்டையில் குமிழியைப் பார்த்தபடி.
'நேரா இருக்கா?'
'படம் நேராத்தான் இருக்கு,' என்றான்,
'ஆறுதான் கோணல்.'