ஐம்பது மில்லிவோல்ட்

எர்மொசீயோவில் ஜூலை.
நள்ளிரவிலும் முப்பத்தெட்டு.
தொட்டால் சுவருக்குக் காய்ச்சல்.

பகலில் அடுமனையில் நிற்பவள் நான்.
வெல்லம் பொதிந்த கொயோத்தாக்களை உள்ளே தள்ளி
இரும்புக் கதவைச் சாத்தி
வெப்பம் வெளியே கசியாமல் காக்க
எனக்குச் சம்பளம்.
இரவில் ஒரு தகரப் பெட்டியிலிருந்து
அதே வெப்பத்தை வெளியே துரத்த
அந்தச் சம்பளம்.

பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி இரண்டு வருடம்.
திருகுகள் ஜாம் பாட்டிலில்.
மே மாதம் ஒரு கூலர். ஜூனில் ஆறு விசிறிகள்.
போன வாரம் ஒரு கிராபிக்ஸ் கார்டு,
இணைய நாணயம் தோண்டிக் களைத்தவன் விற்றது.
மூன்று வருடம் கண் மூடாமல் உழைத்த கார்டு.
அதன் இறக்கைகளுக்குள்
நான் பார்த்தேயிராத ஒரு பூனையின் முடி.

அண்ணன் எலியூதேரியோ தொலூக்காவில், மலைக்குளிரில்.
இருவரும் ஒரே நாளில் வாங்கிய ப்ராசசர்,
ஒரே தொகுதி எண்.
அவனுடையது ஐந்தரை கிகாஹெர்ட்ஸில் சீட்டியடிக்கிறது.
என்னுடையது ஐந்து புள்ளி ஒன்றில் நீலத்திரை.
ஒரே சிலிக்கான் தட்டில் வெட்டிய துண்டுகளாம்,
ஒன்று நடு, ஒன்று ஓரம்.
"கைராசி வேணும்டி" என்கிறான்.
ஜன்னலைத் திறந்து வைக்கிறான்,
அவனுடைய தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

எனக்கு ஒரு கணக்கு மட்டும் மசியவில்லை:
அறை எவ்வளவோ
அதற்குக் கீழே எந்த விசிறியும் இறங்காது.
காற்று சுமந்துகொண்டு போகும், சரி,
எங்கே போகும்?
என் கட்டிலுக்கு.

நேற்று ஹீட்சிங்க்கைக் கழற்றினேன்.
பழைய பசை, அடிப்பிடித்த பாகு.
ஆல்கஹாலில் துடைத்து
பட்டாணி அளவு புதுப்பசை வைத்து
குறுக்கும் மறுக்குமாகத் திருகுகளை இறுக்கினேன்.
தொண்ணூற்றேழு தொண்ணூற்றொன்றாயிற்று.
ஆறு பாகைக்காக ஒருத்தி
சமையலறையில் தனியே ஆடினாள் என்று
யாரிடம் சொல்ல?

பிறகு கார்ப் பந்தயம்.
பனி மூடிய காட்டுப் பாதை.
திரையில் விழும் ஒவ்வொரு பனித்துகளுக்கும்
மேசையடியில் கார்டு கொதித்தது.
கணுக்காலில் வியர்வை வழிய
நான் வெண்பனியில் வழுக்கிக்கொண்டிருந்தேன்.
மூன்றாவது வளைவு.

டமார்.

தெருவே இருண்டது.
கம்பத்து மின்மாற்றி எண்ணெய் கக்கிப் புகைந்தது.
நாற்காலிகள் வெளியே வந்தன,
ஈரத்துண்டு போர்த்திய குழந்தைகள் வந்தன,
ஒஃபேலியாவின் பனிக்கட்டிப் பெட்டி வந்தது,
உருகுவதற்குள் எல்லாரும் தின்றாக வேண்டுமாம்.
மூன்று மணிக்கு மாம்பழ ஐஸ்.

மேலே ஏறியவன் சட்டையில் ரோசெந்தோ என்று தைத்திருந்தது.
"வீட்டுக்கு வீடு ஏசி.
அம்பது வீட்டுக்கு வச்சதுல நூறு வீடு இழுத்தா
அது என்ன பண்ணும்?"
தோன் ஃபெர்மின் மெல்லத் திரும்பி
என் ஜன்னலைப் பார்த்தார்,
ராத்திரிதோறும் ஏழு நிறத்தில் மின்னும் ஜன்னலை.
நான் ஐஸ் குச்சியைக் கவனமாக நக்கினேன்.

நான்கரைக்கு மின்சாரம் வந்தது.
வேகத்தைத் தொடவில்லை.
வோல்டேஜுக்குப் போய்
கழித்தல் குறியை அழுத்தினேன்.
தூக்கக் கலக்கமா, ஃபெர்மினின் பார்வையா தெரியாது.
இரண்டு வருடமாக ஏற்றியே பழகிய விரல்
அந்தப் பொத்தான் இருப்பதையே பார்த்ததில்லை.
பத்து. இருபது.
விழும் என்று நினைத்தேன். விழவில்லை.
ஐம்பது.

எண்பத்து மூன்று.
மூச்சு வாங்காததால்
அது பின்வாங்கவும் இல்லை.
மூன்றாவது வளைவில் படம் தடுக்கவே இல்லை.
அண்ணனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன்.
"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு" என்று பதில்.

ஆறு மணிக்கு அடுமனை.
அடுப்பு இருநூற்றிருபதில் காத்திருக்கும்.
அதில் குறைப்பதற்கு எதுவும் இல்லை.
சைக்கிளை எடுக்கிறேன்.
என் வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்க்கிறேன்,
காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.