நாற்பத்தைந்தாம் பல்

வாயில் இருப்பவை முப்பத்திரண்டுதான்.
ஆனாலும் எங்கள் கணக்கில் அதன் எண் நாற்பத்தைந்து.

ஷோப்ரோனில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
மாடிப் பட்டறை ஒன்றில்
இருபது வருடமாகப் பல் கட்டுகிறேன்.
எனக்கு மனிதர்களைத் தெரியாது.
அவர்களுடைய பிளாஸ்டர் அச்சுகளைத் தெரியும்.

க்ராப்னரின் அச்சு எல்லை தாண்டி வந்தது.
ஆஸ்திரியாவில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவராம்.
கீழ்வரிசை, வலப்பக்கம்:
பின்னால் டைட்டானியத் திருகு,
முன்னால் சொந்தப் பல்,
நடுவே வெறும் ஈறு.
மூன்றையும் ஒரே பாலமாகக் கட்டு என்று
டாக்டர் வடாஷ் எழுதியிருந்தாள்.
ஒரு திருகின் காசு மிச்சம்.

கட்டினேன்.

திருகு எலும்போடு எலும்பாய் இறுகிவிட்டது,
அதற்கு அசையத் தெரியாது.
பல்லோ நார்த்தொட்டிலில் கிடப்பது,
கடிக்கும்தோறும் மயிரிழை அமிழ்ந்து எழும்.
பாறையில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
சேற்றில்தான் உயிர்.

நாலு வருடம் கழித்துப் பாலம் மட்டும் திரும்பி வந்தது
தீப்பெட்டிக்குள், பஞ்சு சுற்றி.
பல்லிருந்த குழியில் சிமென்ட் கரைந்து
காபிக் கறை வளையம்.
கூடவே புது அச்சு.
கருவியை வைத்து இரண்டு முறை அளந்தேன்:
பல் ஒரு மில்லிமீட்டர் கீழே போயிருந்தது.
பாலத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு
தான் மட்டும், சத்தமில்லாமல்,
உள்ளே.
ஏனென்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

சீட்டில் டாக்டரின் கிறுக்கல்:
பிடுங்கிவிடலாம், அங்கும் ஒரு திருகு.
அதற்கடியில் பென்சிலில், ஜெர்மனில், வேறொரு கை:
'வேண்டாம். அந்தப் பக்கம்
செர்ரிக்குள் கொட்டை இருப்பது
அது ஒன்றுக்குத்தான் தெரிகிறது.'

மூன்று நாள் அந்தச் சீட்டு
மெழுகு அடுப்பின் பக்கத்தில் கிடந்தது.
பிறகு டாக்டருக்கு ஃபோன் செய்தேன்.
திட்டினாள். பெருமூச்சு விட்டாள்.
நடுவிலே போடுகிறேன் என்றாள் கடைசியில்,
பல்லை அதன் பாட்டுக்கு விட்டுவிடு.

பல்லுக்குத் தனி உறை செய்தேன்,
இறங்கிய மில்லிமீட்டரை மேலே கூட்டி.
திருகுகள் இரண்டும் தங்களுக்குள் கைகோத்துக்கொள்ளட்டும்.
அவற்றுக்கும் இதற்கும் இடையே
நூல் போய்வர வழி.

ஜூனில் ஒரு காகிதப் பை வந்தது, பெயர் எழுதாமல்.
அடிப்பக்கம் சாறு ஊறிச் சிவந்திருந்தது.
கையெல்லாம் பிளாஸ்டர். உதட்டாலேயே ஒன்றைக் கவ்வி
இடப்பக்கம் ஒதுக்கிக் கடித்தேன்.

வலப்பக்கம்
எனக்கும் திருகுதான்.